‘நன்று’ என்று எழுதுகிறவர்கள்: முதியோர் இல்ல ஆய்வறிக்கைகளைப் படித்தபோது

அத்தையை முதியோர் இல்லத்தில் சேர்த்து எட்டு மாதம் ஆகிறது. சேர்ப்பதற்கு முன்னால் திருச்சியிலும் சுற்று வட்டாரத்திலுமாக ஐந்து இல்லங்களைப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே வரிசைதான். முதலில் ஆபீஸ் ரூம், அப்புறம் சாமி படம் மாட்டிய ஹால், அப்புறம் துடைத்து வைத்த ஒரு அறை, கடைசியில் சமையலறை. கிளம்பும்போது பார்வையாளர் நோட்டு ஒன்றை நீட்டுவார்கள். ஐந்து இடத்திலும் "மிகவும் திருப்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டால் பதில் இல்லை. டீ கொடுத்தார்கள், அதுதான் காரணமாக இருக்கும்.

என்னைவிட விவரம் தெரிந்த யாராவது வந்து சோதித்து எழுதிய அறிக்கை இருக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். பதிவுச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். அறிக்கை என்று எதையும் யாரும் காட்டவில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் வாங்குவது பற்றி நிறைய இருக்கிறது. ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி, அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது. மாதக் கட்டணம் வாங்கும் தனியார் இல்லத்துக்குள் யார் போய் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் சட்டம் கிட்டத்தட்ட மௌனம். இல்லங்களைப் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. நிறைவேறவில்லை, அந்த மக்களவையோடு அதுவும் போய்விட்டது.

ஆகவே, கையில் கிடைப்பதைப் படிப்போம் என்று இங்கிலாந்துக்காரர்களின் அறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்தேன். அங்கே எல்லாம் இணையத்தில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எந்த இல்லத்தின் பெயரைப் போட்டும் படிக்கலாம். இரண்டு மாதம் இரவு நேரங்களில் இதே வேலையாக இருந்தேன். முதலில் பொறாமையாக இருந்தது. இப்போது அந்தப் பொறாமை பாதிதான் மிச்சம். அந்தக் கதைதான் இது.

அங்கே இதற்கென்றே கேர் குவாலிட்டி கமிஷன் என்று ஓர் அமைப்பு. சுருக்கமாக சி.க்யூ.சி. 2009 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. மருத்துவமனை, டாக்டர் கிளினிக், பராமரிப்பு இல்லம் எல்லாம் இதன் கீழ். ஒவ்வொரு இல்லத்திலும் ஐந்து கேள்வி கேட்பார்கள்: பாதுகாப்பாக இருக்கிறதா, பலன் இருக்கிறதா, பரிவோடு நடத்துகிறார்களா, ஆளுக்கு ஆள் வேறுபடும் தேவைக்கு ஈடுகொடுக்கிறார்களா, நிர்வாகம் ஒழுங்கா. ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு தரம்: மிகச் சிறப்பு, நன்று, மேம்பட வேண்டும், போதாது. அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லை இல்லத்தின் வாசலில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்பது 2015-லிருந்து கட்டாயம். பெரும்பாலும் சொல்லாமல்தான் வருவார்கள்.

இதை அத்தையிடம் சொன்னபோது உடனே ஒரு கேள்வி கேட்டார்: "சொல்லாம வர்றாங்க சரி. ஜீப் சத்தம் கேக்காதா?"

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1982-இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோதே அமைப்பாளராகச் சேர்ந்தவர். ஓய்வு பெறும்வரை அரிசி இருப்பு, பருப்பு இருப்பு, வருகைப் பதிவு, முட்டைக் கணக்கு என்று ரெஜிஸ்டர்களோடு வாழ்ந்தவர். ஆய்வுக்கு வருகிற அதிகாரியை எதிர்கொள்வது எப்படி என்று அவருக்கு நான் சொல்லித்தர எதுவுமில்லை. "ஆபீசர் வர்ற அன்னிக்கு சாம்பார் கெட்டியா இருக்கும்டா. நான் ஒண்ணும் திருடலை, மத்த நாளும் நல்லாத்தான் போட்டேன். ஆனாலும் அன்னிக்கு ஒரு கை பருப்பு கூடத்தான் விழும்." நேர்மையான ஓர் ஊழியரின் வாக்குமூலம் இது. சி.க்யூ.சி. அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த ஒரு கை பருப்பு எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

அவர்கள் நன்றாகச் செய்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். அளக்க முடிந்ததை அங்கே அளக்கிறார்கள். முதியவரைக் குளிக்க வைக்கும் தொட்டியில் விழும் தண்ணீர் 44 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. வயசான தோல் மெல்லிசு, சூடு உறைப்பது மூளைக்குப் போய்ச் சேர நேரமாகும், அதற்குள் வெந்துவிடும். ஆனால் டேங்கில் தண்ணீரை 60 டிகிரியில்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் லெஜியோனெல்லா கிருமி வளர்ந்துவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். குழாய்க்குப் பக்கத்தில் சூட்டைக் கலந்து குறைக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தி இதைச் சமாளிக்கிறார்கள். அந்த வால்வு வேலை செய்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து எழுதி வைத்திருக்க வேண்டும். ஆள் தவறி விழ வாய்ப்புள்ள மாடி ஜன்னல் 100 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கக்கூடாது. மாத்திரை கொடுத்த நேரம், கொடுத்தவர் கையெழுத்து, வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதற்கு ஒரு குறி. நம் ஊர் இல்லங்களில் பாத்ரூம் கீசர் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். "நல்லா சூடா வரும் சார்" என்றார்கள், பெருமையாக.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. மறதி நோய் முற்றியவர்களிடம் போய் "நல்லா பாத்துக்கறாங்களா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? அதற்காகப் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு முறையை உருவாக்கியிருக்கிறார்கள். சுருக்கப் பெயர் சோஃபி. ஆய்வாளர் பொது ஹாலில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வார். கேள்வி கிடையாது, ஃபைல் கிடையாது. சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஐந்தைந்து நிமிடமாகக் குறித்துக்கொண்டே போவார். இந்த ஐந்து நிமிடம் அவர் முகம் எப்படி இருந்தது? எதிலாவது ஈடுபட்டிருந்தாரா, வெறுமனே உட்கார்ந்திருந்தாரா, தூங்கினாரா? ஊழியர் யாராவது பக்கத்தில் வந்தார்களா? வந்தவர் நடந்துகொண்டது நல்லவிதமாகவா, மோசமாகவா, இரண்டும் இல்லாமலா?

இந்த ‘இரண்டும் இல்லாமல்’தான் முக்கியம் என்று நினைக்கிறேன். அடிப்பதையும் திட்டுவதையும் கண்டுபிடிக்கத் தனிப் பயிற்சி வேண்டாம், கண் இருந்தால் போதும். ஊழியர் வருகிறார், ஸ்பூனை வாயில் வைக்கிறார், துடைக்கிறார், அடுத்தவரிடம் போகிறார். ஒரு சொல் இல்லை, முகத்தைப் பார்க்கவில்லை. தப்பு எதுவும் நடக்கவில்லை. இப்படி ஒரு நாள் முழுக்கக் கழிந்தால்? இதை ஒரு பெட்டியில் டிக் அடித்துச் சொல்ல முடியாது. உட்கார்ந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும். நான் பார்த்த ஐந்து இல்லங்களில் எங்கேயும் பதினைந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நான் உட்காரவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். நடக்க வைத்துக்கொண்டே இருந்தார்கள் என்பதும் இப்போது உறைக்கிறது.

சரி, குறைக்கு வருவோம். முதல் குறை அந்த ஒற்றைச் சொல். ஐந்து கேள்வியில் ஒன்றுக்கு ‘மேம்பட வேண்டும்’ வந்தாலும் மொத்தத்தில் ‘நன்று’ வாங்கிவிடலாம் என்பது கணக்கு. அந்த ஒன்று பாதுகாப்பாகவும் இருக்கலாம். அதாவது மாத்திரை கொடுப்பதில் குளறுபடி, இரவில் ஆள் பற்றாக்குறை என்று உள்ளே இரண்டு பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள், வாசலில் ‘நன்று’ என்று ஒட்டியிருக்கும். பெற்ற தாயைச் சேர்க்க அலைகிறவர், அதுவும் ஆஸ்பத்திரியிலிருந்து நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்ட நிலையில், உள்ளே இருக்கும் இரண்டு பக்கத்தைப் படிப்பாரா? வாசலில் இருப்பதைத்தான் படிப்பார். வீட்டுக்கு அடித்தளம் சுமார், சுண்ணாம்பும் பெயிண்டும் பிரமாதம், ஆகவே வீடு நன்று என்பது மாதிரி. பாதுகாப்பை மற்ற நான்கோடு சராசரி போடக்கூடாது.

அடுத்தது இன்னும் சங்கடமானது. ஃபைல் மீதான நம்பிக்கை. ‘எழுதாதது நடக்காதது’ என்று செவிலியர்களுக்குச் சொல்லித்தருவார்கள். நியாயம்தான். ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, எழுதியதெல்லாம் நடந்தது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளும் இடங்கள் அறிக்கைகளில் நிறைய. திட்டம் இருக்கிறது, பயிற்சிப் பதிவு இருக்கிறது, புகார் நோட்டு இருக்கிறது, ஆகவே சரி.

பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் இடம் இருந்தது. முதியோர் இல்லம் அல்ல, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறு மருத்துவமனை, 24 பேர். ஆனால் சோதிக்கும் அமைப்பு இதே சி.க்யூ.சி.தான், கட்டணமும் கொஞ்சநஞ்சமல்ல, ஆளுக்கு வாரம் சராசரியாக 3,500 பவுண்டு. அங்கே வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவர், நோயாளிகளைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று 2010-இல் நிர்வாகத்துக்கு எழுதினார். அது சி.க்யூ.சி. கைக்கும் போனது. யாரும் தொடரவில்லை. கடைசியில் அவர் பி.பி.சி.யிடம் போனார். ஒரு நிருபர் ஊழியராக உள்ளே சேர்ந்து ஐந்து வாரம் ரகசிய கேமராவில் பிடித்ததை 2011 மே 31 அன்று பனோரமா நிகழ்ச்சியில் ஒளிபரப்பினார்கள். 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள், ஆறு பேருக்குச் சிறை. இந்த 11 பேர் மீது வரும் கோபம் எனக்குச் சீக்கிரம் ஆறிவிடுகிறது. அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்த மேஜை மீது வரும் கோபம் ஆறுவதில்லை.

பாடம் கற்றார்களா? டர்ஹம் பகுதியில் வோர்ல்டன் ஹால். இதுவும் அதே வகை இடம். 2015-இல் ஆய்வுக்குப் போன குழுவின் தலைவர் அங்கே நிலைமை சரியில்லை என்று அறிக்கை எழுதினார். அந்த அறிக்கை அப்போது வெளியாகவே இல்லை. அடுத்து இன்னொரு குழு போய் ‘நன்று’ கொடுத்தது. 2019 மே மாதம், மறுபடியும் அதே பனோரமா, மறுபடியும் ரகசிய கேமரா, மறுபடியும் கொடுமை. இரண்டு முறையும் உண்மை ஃபைலில் இல்லாமல் இல்லை, எழுதப்பட்டுத்தான் இருந்தது. முதல் முறை உள்ளே வேலை செய்தவர் எழுதினார், இரண்டாவது முறை அவர்களுடைய ஆய்வாளரே எழுதினார். படிக்க வேண்டியவர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் வந்த பரிசீலனையில் பேராசிரியர் கிளினிஸ் மர்ஃபி சொன்னவற்றில் ஒன்று, இப்படி மூடுண்ட இடங்களுக்குச் சொல்லாமல் போக வேண்டும், மாலையிலும் வார இறுதியிலும் போக வேண்டும் என்பது. அத்தையைக் கேட்டிருந்தால் 1982-லேயே சொல்லியிருப்பார்.

2023 கடைசியில் சி.க்யூ.சி. பழைய முறையைக் கலைத்துப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. 34 தர வாசகங்கள், அவற்றுக்கு மதிப்பெண், புது கம்ப்யூட்டர் தளம். அடுத்த வருஷமே டாக்டர் பென்னி டாஷ் என்பவரை வைத்து அரசாங்கம் அந்த அமைப்பையே ஆய்வு செய்தது. 2024 ஜூலையில் இடைக்கால அறிக்கை, அக்டோபரில் முழு அறிக்கை. சோதிக்க அதிகாரமுள்ள இடங்களில் ஐந்தில் ஒன்றுக்கு இதுவரை தரமே கொடுக்கப்படவில்லை. ஆய்வுகளின் எண்ணிக்கை கோவிட்டுக்கு முந்தைய அளவில் பாதிக்கும் கீழே. வாசலில் ஒட்டியிருக்கும் சில தரச்சொற்கள் பல வருஷப் பழசு. ஒரு இல்லத்துக்கு 2015-இல் கொடுத்த தரம்தான் இன்னமும் நடப்பில் இருந்தது. ஒன்பது வருஷத்தில் அங்கே முதியவர்கள் மாறியிருப்பார்கள், ஊழியர்கள் மாறியிருப்பார்கள், முதலாளிகூட மாறியிருக்கலாம். சொல் மட்டும் மாறவில்லை. பால் பாக்கெட்டில்கூடத் தேதி பார்த்து வாங்குகிறோம்.

அதே அறிக்கையில் ஒரு விவரம் என்னைப் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போக வைத்தது. பராமரிப்பு இல்லங்களை ஆய்வு செய்கிற ஒருவர் தன் வாழ்க்கையில் மறதி நோய் உள்ள ஒருவரைக்கூடச் சந்தித்ததில்லை. அப்படிப்பட்டவர் மூலையில் உட்கார்ந்து ஐந்தைந்து நிமிடமாக என்னத்தைக் குறிப்பார்? சோஃபி முறை எவ்வளவு அழகாக இருந்தாலும் உட்காருகிற ஆளைப் பொறுத்ததுதான். அன்றைய சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் இந்த அமைப்பு தன் வேலைக்கே லாயக்கில்லை என்று சொல்லிவிட்டார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அறிக்கையே இல்லாத ஊரில் இருப்பவனுக்கு அந்த உரிமை கிடையாது.

இரவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் (அது சி.க்யூ.சி. எல்லைக்கு வெளியே) கிளாஸ்கோ பக்கம் ரோஸ்பார்க் என்ற முதியோர் இல்லத்தில் 2004 ஜனவரி 31 விடியற்காலை நாலரை மணி வாக்கில் தீப்பிடித்தது. தாழ்வாரத்தில் இருந்த ஒரு அலமாரி அறையில் மின்கோளாறு. அலாரம் அடித்தது. பணியில் நான்கே பேர். எங்கே தீ என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் தீயணைப்புக்குப் போன் செய்வது அங்கே வழக்கம். தேடினார்கள். போன் போனபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. படுக்கையறைக் கதவுகள் பல திறந்தே இருந்தன, புகை உள்ளே போனது. 14 பேர் இறந்தார்கள். 2011-இல் வந்த விசாரணை அறிக்கை, சரியான தீப்பாதுகாப்புத் திட்டம் இருந்திருந்தால் சிலரையோ எல்லோரையுமோ காப்பாற்றியிருக்கலாம் என்றது. அங்கே அலாரம் இருந்தது, வேலையும் செய்தது. அது அடித்த பிறகு அந்த நால்வரும் என்ன செய்வார்கள் என்பதைத்தான் யாரும் முன்கூட்டிப் பார்த்திருக்கவில்லை.

நமக்கு ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, அதுவும் விடியற்காலைதான். மனநலக் காப்பகம் என்று பெயர், கீற்றுக் கொட்டகை, சங்கிலியில் கட்டிய மனிதர்கள், 28 சாவு. உரிமம் வேண்டும், ஆய்வு வேண்டும் என்று 1987-ஆம் வருஷச் சட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

இதையெல்லாம் படித்த பிறகு அத்தை இருக்கும் இல்லத்துக்குப் போகும் நேரத்தை மாற்றினேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போவேன். ஹாலில் உட்கார்ந்து பேசுவோம், எல்லாம் சுத்தமாக இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். கேட் பூட்டியிருந்தது. திறக்கப் பத்து நிமிடம். சாப்பாட்டு ஹாலில் லைட் அணைந்திருந்தது. அத்தை படுத்திருந்தார். தலையணைக்குக் கீழே ஒரு பன், பாதி தின்றது.

சமையல்கார அம்மா ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் ஐந்தேகாலுக்கே இரவு உணவு. மறுநாள் காலை டிபன் எட்டு மணிக்கு. நடுவில் பதினாலு மணி நேரத்துக்கும் மேலே. அத்தைக்கு சுகர், ராத்திரி மாத்திரை உண்டு. "ரெண்டு தடவ நடுராத்திரி வேர்த்துக் கொட்டிருச்சுடா. அதான் பன் வச்சுக்கறேன்" என்றார், ஏதோ பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொள்வதைச் சொல்வது மாதிரி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆபீஸ்ல உணவு ரெஜிஸ்டர் பாத்தியா? இரவு உணவு ஏழரைன்னு இருக்கும். முப்பது நாளைக்கும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். ஒக்காந்து ஒரே நாள்ல எழுதினது. எனக்குத் தெரியாதா?"

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போகும்போதெல்லாம் அதே நோட்டை நானும் புரட்டியிருக்கிறேன். ஏழரை, இட்லி நான்கு, சட்னி. நல்லபடியாகத்தான் கவனிக்கிறார்கள் என்று அக்காவுக்குப் போனில் சொல்லியும் இருக்கிறேன்.

மேனேஜரிடம் பேசப் போகிறேன் என்று கிளம்பினேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பேசிட்டுப் போயிருவ. ராத்திரி என்னை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறது அந்தப் பொண்ணு. பதினாலு பேருக்கு அது ஒண்ணுதான். அதைத்தான் திட்டுவாங்க."

வின்டர்போர்ன் வியூ பற்றி இவ்வளவு கோபப்பட்டவன் அன்றைக்குப் பேசாமல் பஸ் ஏறினேன். புகார் ஏன் வருவதில்லை என்பதற்கு நான் படித்த எந்த அறிக்கையிலும் இவ்வளவு தெளிவான விளக்கம் இல்லை. மூன்று மாதமாகப் புகாரே இல்லை என்பதை நல்ல அடையாளமாக எழுதுகிற ஆய்வாளர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். யாரிடம் சொன்னால் யாருக்கு அடி விழும் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். வேறு இல்லம் பார்க்கலாமா என்று யோசித்தேன். அத்தையும் வேண்டாம் என்கிறார். இந்தப் பெண் மாதிரி அங்கே கிடைக்காது என்கிறார். அதுவும் உண்மைதான், அவள் அத்தையோடு பேசிக்கொண்டேதான் ஊட்டுகிறாள், அதை நான் உட்கார்ந்து பார்த்தேன்.

இப்போது வாரம் இருமுறை, கிழமை மாற்றி மாற்றி, ராத்திரி ஏழு மணிக்குப் போகிறேன். ஹாலில் எல்லோரும் சாப்பிடும்படி இட்லி வாங்கிப் போகிறேன். மூன்றாவது தடவை பார்வையாளர் நோட்டை நீட்டினார்கள். "மாலை 7.10-க்கு வந்தேன். சாப்பாட்டு ஹாலில் விளக்கு இல்லை. 14 பேருக்கு ஒரு உதவியாளர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு டீ வரவில்லை.

போன வாரத்திலிருந்து ஆறரைக்குச் சாப்பாடு போடுகிறார்களாம். ரெஜிஸ்டரில் இன்னும் ஏழரைதான்.